ஐந்து கையெழுத்து இருந்தால்தான் தங்கலாம்: பாண்டிச்சேரியில் பாரதி ‘வெளிநாட்டவர்’ ஆன கதை

வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போகிறவர்கள், பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வாடகை வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிவு செய்யணும். கையில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதமும் இருக்கணும். ஜப்பானிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வீடு பார்த்துக் குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைச் சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்கு இது ஒரு நாள் அலைச்சல். க்யூவில் நின்று, ஃபார்மை நிரப்பிக் கொடுத்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தால் முடிந்தது. ஆனால், 100 ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு பதிவுதான் ஒரு தமிழ்க் கவிஞர் வெளியே இருப்பாரா, சிறைக்குப் போவாரா என்பதைத் தீர்மானிக்கிற நிலையில் இருந்தது. அவர் சுப்பிரமணிய பாரதி. அவர் குடியிருந்த ‘வெளிநாடு’ நமக்கெல்லாம் வார விடுமுறைக்குப் போய்வரும் ஊர். பாண்டிச்சேரி.

பாண்டிச்சேரி எப்படி வெளிநாடு?

அன்று பாண்டிச்சேரி பிரெஞ்சு அரசின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு ஆளுநர், பிரெஞ்சு நீதிமன்றம், பிரெஞ்சு போலீஸ். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். ரயிலில் ஏறினால் போய்விடலாம். பேசுவதும் அதே தமிழ்தான். ஆனாலும் எல்லையைத் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் போலீஸின் வாரண்ட் செல்லாது. 1954 நவம்பர் 1 வரை அங்கே பிரெஞ்சு நிர்வாகம்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த பாரதி, அதனால், பாண்டிச்சேரியில் சட்டப்படி ஒரு வெளிநாட்டவர். பக்கத்து ஜில்லாக்காரர்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டத்துக்குத் தூரமும் தெரியாது, மொழியும் தெரியாது. எல்லைக்கோடு மட்டும்தான் தெரியும்.

அவர் ஏன் அங்கே போனார்?

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதி. பதினொரு வயதில் ‘பாரதி’ பட்டம், 1897-ல் செல்லம்மாவுடன் திருமணம், காசியில் படிப்பு, 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர் வேலை என்று அவருடைய ஆரம்பகாலம் வேகமாக ஓடியது. அதே ஆண்டு ஜி.சுப்பிரமணிய அய்யரின் ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1906-ல் ‘இந்தியா’ வார இதழ் தொடங்கியது. அதில் அவர் எழுதியவையும், அது வெளியிட்ட கேலிச்சித்திரங்களும் பிரிட்டிஷ் அரசின் கண்ணை உறுத்தின.

1908 மோசமான ஆண்டு. மார்ச்சில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது வேறு விஷயம். ஆகஸ்டில் போலீஸ் ‘இந்தியா’ பத்திரிகையின் பக்கம் திரும்பியது.

இங்கேதான் ஒரு பதிவேடு முதல் முறையாக பாரதியின் வாழ்க்கையில் குறுக்கிட்டது. அரசு ஆவணங்களில் ‘இந்தியா’வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த பெயர் பாரதி அல்ல, எம்.சீனிவாசன். எழுதியது ஒருவர், பதிவில் இருந்தது இன்னொருவர். போலீஸ் பதிவில் இருந்தவரைக் கைது செய்தது. அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்தது தானாகத்தான் இருக்கும் என்பது பாரதிக்குத் தெரிந்தது. நண்பர்களும் வற்புறுத்தினார்கள். அவர் பாண்டிச்சேரிக்கு ரயில் ஏறினார். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை.

அவர் தப்பியதும் சீனிவாசன் சிறைக்குப் போனதும் பாரதியின் வரலாற்றில் இன்றும் கொஞ்சம் சங்கடமான பக்கம்தான். ஒரு பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைவிடக் கசப்பாக ஒருவர் கற்றுக்கொள்ள முடியாது.

வாடகைக்கு வீடு கிடைத்ததா?

கையில் ஒரு அறிமுகக் கடிதம். அது குப்புசாமி அய்யங்கார் என்பவருக்கு எழுதப்பட்டது. அவரும் பாரதிக்கு இடம் கொடுத்தார். ஆனால், பின்னாலேயே பிரிட்டிஷ் உளவாளிகளும் வந்துவிட்டார்கள். இவரை வீட்டில் வைத்திருந்தால் வம்பு என்ற பயம் அய்யங்காருக்குள் ஏறியது. குடும்பஸ்தர், பாவம். வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி பாரதியிடம் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு.

தெரியாத ஊர். கையில் பெரிதாகக் காசு கிடையாது. போலீஸ் தேடுகிற ஆள் என்று ஊரெல்லாம் பேச்சு. இப்படிப்பட்டவருக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அப்போது துணைக்கு வந்தவர்களில் முக்கியமானவர் குவளைக்கண்ணன் என்று பாரதி அழைத்த கிருஷ்ணமாச்சாரி. அவர் மூலமாகவும் சுந்தரேச அய்யர் போன்றவர்கள் மூலமாகவும் பாரதிக்கு ஊரில் கால் ஊன்ற முடிந்தது. குவளைக்கண்ணனின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வருவார்.

சீக்கிரமே அச்சகமும் பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தது. அக்டோபரில் ‘இந்தியா’ அங்கிருந்து மறுபடியும் வெளிவரத் தொடங்கியது. மண்டயம் சீனிவாசாச்சாரியார் துணையாக நின்றார். ‘விஜயா’ என்ற நாளிதழும் வந்தது. ஆனால், வாசகர்கள் எல்லாரும் இருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். பிரிட்டிஷ் அரசு பத்திரிகை உள்ளே வரும் வழியை அடைத்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றுபோனது. அதோடு பாரதியின் நிலையான வருமானமும் நின்றது. அப்போது அவர் மனைவியும் இரண்டு மகள்களும் கொண்ட குடும்பத்தின் தலைவர்.

ஒரு சட்டம் வந்தது

1910 ஏப்ரல் 4-ல் அரவிந்தர் கப்பலில் பாண்டிச்சேரிக்கு வந்து இறங்கினார். கலவை சங்கர செட்டியாரின் வீட்டு மாடியில் சிலருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக அவர் தங்கவைக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனிலிருந்து தப்பி வந்த வ.வே.சு.அய்யரும் சேர்ந்துகொண்டார். பிரிட்டிஷ் அரசுக்குப் பாண்டிச்சேரி பெரிய தலைவலியாக மாறியது. எல்லை தாண்டிக் கைது செய்ய முடியாது. அரசியல் அகதிகளை ஒப்படைப்பது பிரெஞ்சு அரசுக்குக் கௌரவக் குறைச்சல். அப்படியென்றால் என்ன வழி? அவர்களாகவே ஊரைவிட்டு வெளியேறும்படி செய்வது.

1911-ல் பிரெஞ்சு நிர்வாகம் வெளிநாட்டவருக்கான பதிவு விதியைக் கொண்டுவந்தது. பாண்டிச்சேரியில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டும். சொந்த ஊர் அதிகாரியிடமிருந்து அதை வாங்கி வரலாம். இல்லையென்றால், பாண்டிச்சேரியின் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் ஊரில் தங்க முடியாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது எல்லாருக்குமான சாதாரண விதி. ஆனால், முதல் வழி பாரதிக்கு வேடிக்கையான வழி. எந்த அரசின் போலீஸ் அவரைத் தேடுகிறதோ, அதே அரசின் அதிகாரி அவருக்கு நல்லவர் என்று சான்று தரணும். நடக்கிற காரியமா?

இரண்டாவது வழியும் சுலபம் இல்லை. கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் என்றால் ஊரின் பெரிய மனிதர்கள். தொழில், சொத்து, அரசாங்கத்தில் செல்வாக்கு என்று எல்லாம் உள்ளவர்கள். பிரிட்டிஷ் அரசின் கறுப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்காகப் பெயரைக் கொடுத்தால் தங்களுக்கும் சிக்கல் வரலாம். ஒருவர் துணியலாம். ஐந்து பேர் துணிவார்களா?

துணிந்தார்கள். அதற்குக் காரணமாக இருந்தவர் அரவிந்தருக்கு முதலில் இடம் கொடுத்த அதே சங்கர செட்டியார். ஊரில் மதிப்புள்ள வணிகரான அவர், தனக்குத் தெரிந்த கௌரவ மாஜிஸ்திரேட்டுகளிடம் பேசித் தேவையான கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார். ‘சுதேசிகள்’ என்று ஊர் அழைத்த பாரதியும் நண்பர்களும் சட்டப்படி பதிவு செய்துகொண்டு சட்டப்படியே தங்கினார்கள்.

யோசித்துப் பார்த்தால், வெளியே தள்ளுவதற்காக வந்த விதி அவர்களுக்குக் கேடயமாகிவிட்டது. அதுவரை அவர்கள் ஒளிந்து வாழும் ஆட்கள் என்று யாரும் சொல்லியிருக்கலாம். இப்போது ஊரின் ஐந்து பெரிய மனிதர்கள் பொறுப்பேற்ற, அரசுப் பதிவேட்டில் பெயர் உள்ள குடியிருப்பாளர்கள்.

கிணற்றில் கிடைத்த பாத்திரம்

அந்தப் பதிவு எவ்வளவு தேவையானது என்பதை அன்றைய சூழலே சொல்லும். அதே 1911-ல், ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். வாஞ்சி அதற்கு முன்பு பாண்டிச்சேரிக்கு வந்து போனவர். சந்தேகம் முழுக்க சுதேசிகள் மேல் விழுந்தது. பிரிட்டிஷ் உளவுப் போலீஸார் கூட்டமாக ஊருக்குள் வந்து தங்கினார்கள். யார் எந்த வீட்டுக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. பாண்டிச்சேரியில் பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையமும் இருந்ததால், கடிதங்களும் அவர்கள் கண்ணில் படாமல் தப்புவது கஷ்டம்.

அடுத்து நேரடியாக ஒரு பொறி வைக்கப்பட்டது. வ.வே.சு.அய்யர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது மூடிய பாத்திரம் ஒன்று வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அரசுக்கு எதிரான துண்டுப் பிரசுரங்கள். யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். போலீஸ் சோதனைக்கு வரும்போது அது அங்கே இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

பாத்திரத்தை மறைக்கவோ எரிக்கவோ வேண்டாம், நாமே பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்பது பாரதியின் யோசனை. அப்படியே செய்தார்கள். மயூரேசன் என்பவர் கொடுத்த புகாரின்பேரில் விசாரணை நடந்தது, வீடுகள் சோதனையிடப்பட்டன. அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் நூல்களையும் எழுத்துகளையும் பார்த்த பிரெஞ்சு மாஜிஸ்திரேட் மரியாதையோடு திரும்பிப் போனார். குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. மாறாகப் புகார் கொடுத்தவர்மேலேயே வழக்கு திரும்பும் என்ற நிலை வந்ததும் அவர் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டார்.

ஒளிந்து வாழ்பவர் போலீஸிடம் போய்ப் புகார் சொல்ல முடியாது. பதிவு செய்துகொண்டு தங்கியிருப்பவரால் முடியும். ஐந்து கையெழுத்தின் மதிப்பு அங்கேதான் இருந்தது.

வாடகை கேட்காத வீட்டுக்காரர்

சான்று கிடைத்தாயிற்று. வாடகை? அதற்குப் பணம் வேண்டுமே.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டின் உரிமையாளரை ஊர் ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’ என்று அழைத்தது. பாரதியோடு பழகிய எழுத்தாளர் வ.ரா. அவரைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறார். செட்டியார் வாடகை வாங்க வருவார். வீட்டுக்குள் பாட்டும் பேச்சுமாகக் கூட்டம் இருக்கும். ஓரமாக உட்கார்ந்து கேட்பார். பிறகு வாடகை என்ற பேச்சையே எடுக்காமல் எழுந்து போய்விடுவார். மாதக்கணக்கில் பாக்கி இருந்தும் பாரதியை அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை.

இன்றைய ஜெர்மன் விதியில் வீட்டுக்காரரின் கையெழுத்து ஒரு காகிதம். செட்டியார் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமலே அந்த வேலையைச் செய்தார். உளவாளிகள் வாசலில் நிற்கும் வீட்டை வாடகைக்கு விடுவதே அன்று ஒரு துணிச்சல். இவர் வாடகையும் கேட்கவில்லை.

இப்படிக் கைகொடுத்தவர்கள் பட்டியல் நீளமானது. முத்தியாலுப்பேட்டையில் தோப்பு வைத்திருந்த கிருஷ்ணசாமி செட்டியாரை பாரதி செல்லமாக ‘வெல்லச்சு’ என்பார். பாரதி அடிக்கடி போய் உட்கார்ந்த குயில் தோப்பு அவருடையதுதான். பொன்னு முருகேசம் பிள்ளையின் குடும்பம் பாரதி குடும்பத்துக்குச் சொந்தம் மாதிரி. கனகசுப்புரத்தினம் என்ற உள்ளூர் இளைஞர் பின்னாளில் ‘பாரதிதாசன்’ ஆனார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கனகலிங்கத்துக்கு பாரதி பூணூல் அணிவித்ததும் இந்த ஊரில்தான்.

‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் 1912-ல் வெளியானது. குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பகவத் கீதை மொழிபெயர்ப்பு என்று இன்று நாம் பாரதி என்றதும் நினைப்பதில் பெரும்பகுதி பாண்டிச்சேரியின் வாடகை வீடுகளில் எழுதப்பட்டவை. அந்த விதியில் அவர் அன்று தோற்றிருந்தால் இவற்றில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

சொந்த ஊருக்குத் திரும்ப என்ன விலை?

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. பிரிட்டனும் பிரான்ஸும் இப்போது ஒரே அணி. சுதேசிகளை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லும் நெருக்கடி அதிகமானது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவுக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம் என்ற யோசனைகூட அவர்கள் முன் வைக்கப்பட்டது. அதை அவர்கள் ஏற்கவில்லை.

ஆனாலும் பத்து ஆண்டுகள் நீண்ட காலம். வருமானம் இல்லை, சொந்தங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், மகள்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். போர் முடிந்த சில நாட்களிலேயே, 1918 நவம்பர் 20 அன்று, பாரதி பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே உடனே கைது செய்யப்பட்டார்.

வெளிநாட்டில் பத்து ஆண்டுகள் சட்டப்படி தங்க முடிந்தவரால், சொந்த நாட்டுக்குள் ஒரு நாள்கூட அப்படி இருக்க முடியவில்லை. கடலூர் சிறையில் 24 நாட்கள். ‘சுதேசமித்திரன்’ ஏ.ரங்கசாமி அய்யங்கார், அன்னி பெசன்ட், சி.பி.ராமசாமி அய்யர் போன்றவர்கள் முயற்சி எடுத்தார்கள். டிசம்பர் 14-ல் நிபந்தனைகளோடு விடுதலை. திருநெல்வேலி மாவட்டத்தில்தான் வசிக்க வேண்டும். எழுதியதை வெளியிடும் முன் போலீஸ் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அரசியலிலிருந்து விலகி இருக்க வேண்டும். பாரதி ஒப்புக்கொண்டு செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார்.

இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பாண்டிச்சேரியில் இவர் யார், நல்லவரா என்று கேட்டார்கள். ஐந்து பேர் ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு அவர் என்ன எழுதினாலும் கேள்வி இல்லை. சொந்த நாட்டில் அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கே குடியிருக்கணும், என்ன எழுதணும் என்பதை போலீஸ் முடிவு செய்தது.

கடைசி முகவரி

1920-ல் கட்டுப்பாடுகள் விலகின. நவம்பரில் பாரதி சென்னைக்கு வந்து மறுபடியும் ‘சுதேசமித்திர’னில் சேர்ந்தார். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வாடகை வீடு. யாரிடமும் அனுமதி கேட்காமல் அவராகத் தேர்ந்தெடுத்த முகவரி. அங்கே ஓர் ஆண்டுகூட அவர் முழுதாக வாழவில்லை.

1921-ல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அதன் காலடியில் கிடந்தவரைப் பாய்ந்து தூக்கி வெளியே கொண்டுவந்தவர் குவளைக்கண்ணன். பாண்டிச்சேரியில் இடமில்லாமல் நின்ற அன்று உதவிக்கு வந்த அதே ஆள். காயத்திலிருந்து பாரதி தேறினாலும் உடல்நலம் திரும்பவில்லை. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டிய வேளையில், வயிற்றுக்கடுப்பு நோயால் அவர் இறந்தார். வயது 38.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்கும் கஃபேக்கும்தான் போகிறார்கள். அடுத்த முறை போகும்போது இந்தத் தெருவுக்கும் ஒரு நடை போய் வரலாம். வெளிநாட்டு ஃபார்ம் ஒன்றில் உங்களைத் தெரிந்தவர் யார் என்ற கட்டத்தை நிரப்பப் போகிறவர்கள் அவசியம் போகலாம்.